எண்ணப்படாத ஏழு மாவட்டங்கள்

2001 யூலையில் இலங்கையில் குடிசன மதிப்பீடு நடந்தபோது போர் முடிந்திருக்கவில்லை. 25 மாவட்டங்களில் 18இல் மட்டுமே கணக்கெடுப்பு முழுமை பெற்றது. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா, மட்டக்களப்பு, திருகோணமலை ஆகிய ஏழிலும் எல்லோரையும் எண்ண முடியவில்லை. 1981க்குப் பிறகு நாடு முழுவதும் எண்ணப்பட்டது 2012இல்தான். அப்படியானால் 2001 அட்டவணையில் அந்த ஏழு மாவட்டங்களுக்கு நேரே என்ன மொத்தம் எழுதுவது? பூச்சியம் போட்டால் அங்கே ஒருவருமே வாழவில்லை என்றாகிவிடும்.

தரவுத்தளங்களில் இதற்கென்றே ‘நல்’ என்றொரு குறி உண்டு: பெறுமதி தெரியாது என்று அர்த்தம். 1970இல் தொடர்புசார் தரவுத்தள மாதிரியை முன்வைத்த ஐ.பி.எம். ஆய்வாளர் எட்கார் கொட், உண்மை, பொய் இரண்டோடு ‘தெரியாது’ என்ற மூன்றாவது விடையும் வேண்டும் என்று பின்னர் வாதிட்டார். தரவுத்தளங்களிடம் கேள்வி கேட்கப் பயன்படும் எஸ்.கியூ.எல். மொழி இன்றும் அந்த வழியில்தான் போகிறது.

சிக்கலும் அங்கேதான். பத்து இலட்சத்துக்கு மேல் சனத்தொகையுள்ள மாவட்டங்கள் எவை என்று கேளுங்கள். ‘நல்’ இடப்பட்ட யாழ்ப்பாணம் வராது. பத்து இலட்சமோ அதற்குக் குறைவோ என்று கேளுங்கள், அப்போதும் வராது. இரண்டு பட்டியலையும் சேர்த்தால் 18தான். பிழைச் செய்தி எதுவும் திரையில் தோன்றாது. சமன் குறி போட்டு ‘நல்’ஐத் தேடினாலும் அகப்படாது, தெரியாத ஒன்று இன்னொன்றுக்குச் சமமா என்பதும் தெரியாதுதானே. ‘இஸ் நல்’ என்றே கேட்க வேண்டும்.

சராசரி இன்னும் ஆபத்தானது. களுபோவில போதனா வைத்தியசாலை போன்ற பெரிய ஆஸ்பத்திரியொன்றின் நீரிழிவு கிளினிக்கை நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேரில் மூவருக்கு இரத்தச் சீனி 110, 130, 180 எனப் பதிவாகியிருக்கிறது; இருவர் பரிசோதனைக்கு வரவில்லை, அவர்களுக்கு நேரே ‘நல்’. எஸ்.கியூ.எல். அந்த இருவரையும் ஒதுக்கிவிட்டு 140 என்று விடை தரும். ‘கோலெஸ்’ சார்பைக் கொண்டு வெற்றிடங்களில் பூச்சியம் நிரப்பினால் 84 வரும். உயிரோடிருக்கும் ஒருவருக்குச் சீனி பூச்சியமாக இருக்குமா? 140ஐயும் அப்படியே நம்ப முடியாது, வராத இருவருக்கும்தான் வருத்தம் கூடுதலோ என்னவோ.

ஆகவே சராசரியை வெளியிடும்போது இரண்டு எண்ணிக்கைகளைக் கட்டாயம் பக்கத்தில் போட வேண்டும் என்பேன். ‘கவுண்ட்’ சார்புக்குள் உடுக்குறி இட்டால் எல்லாப் பதிவுகளையும் எண்ணும், இங்கே ஐந்து. நிரலின் பெயரை இட்டால் அளவு பதிவான மூன்றை மட்டும் எண்ணும். ‘கோலெஸ்’ பயன்படும் இடமும் உண்டு: கைபேசி இலக்கம் இல்லாதவருக்கு வீட்டு இலக்கத்தை எடுத்துக் கொடுக்கச் சொல்லலாம், அங்கே இட்டு நிரப்புவதும் உண்மையான தகவல்தான்.