பாதை பொருந்தினால்தான் பயணம்

சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு ரயிலில் போயிருக்கிறீர்களா? இன்று அது 1,676 மி.மீ. அகலப்பாதை. 2010க்கு முன்போ 1,000 மி.மீ. மீட்டர் பாதை. சென்னையிலிருந்து விழுப்புரம் வரை அகலப்பாதை வந்த பிறகும், விழுப்புரம் - மயிலாடுதுறைப் பகுதி சில ஆண்டுகள் மீட்டர் பாதையாகவே இருந்தது. ஆகவே அகலப்பாதை வண்டி அவ்வழியே சிதம்பரம் வர இயலவில்லை. வண்டியில் பழுதில்லை, பாதையிலும் பழுதில்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை, அவ்வளவுதான்!

கணிப்பொறியிலும் இதே சிக்கல் உண்டு.

சிதம்பரத்திலுள்ள உங்கள் நண்பர், தம் புதிய கணிப்பொறியில் மழையளவைக் கணக்கிடும் நிரல் ஒன்றைப் பைத்தான் மொழியில் எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதை நீங்கள் கடலூரில் நடக்கும் அறிவியல் கண்காட்சியில் காட்ட வேண்டும். அங்குள்ளதோ விண்டோஸ் 7 கொண்ட பழைய கணிப்பொறி. நிரல் இயங்குமா?

நிரல் தனியாக இயங்குவதில்லை. எண்களைக் கையாள அது 'நம்பை' என்னும் மென்பொருள் பொதியைத் துணைக்கு அழைக்கிறது. நம்பை இயங்கப் பைத்தான் வேண்டும். பைத்தான் இயங்க விண்டோஸ் வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பெட்டிகள் போல என்று கொள்ளுங்கள்.

இனி, ஒவ்வொன்றும் என்ன கேட்கிறது என்று பார்ப்போம். விண்டோஸ் 7இல் இயங்கும் கடைசிப் பைத்தான் வரிசை 3.8. ஆனால் 2024 ஜூனில் வெளியான நம்பை 2.0, பைத்தான் 3.9 அல்லது அதற்கு மேற்பட்டதைக் கேட்கிறது. வகுப்பில் படித்த கணங்களின் வெட்டை நினைவுகூருங்கள். '3.8 வரை' என்பது ஒரு கணம், '3.9 முதல்' என்பது மற்றொரு கணம். இவற்றின் வெட்டு வெற்றுக் கணம்! எனவே இந்தக் கூட்டணி இயங்காது.

வழி இல்லையா? உண்டு. நம்பை 1.24 பைத்தான் 3.8இலும் இயங்கும். நண்பர் புதிய பதிப்புக்கே உரிய வசதிகளைப் பயன்படுத்தியிருந்தால் மட்டும் நிரலைத் திருத்த வேண்டியிருக்கும்.

இந்தச் சோதனையைக் கணிப்பொறியே செய்யவும் வழி இருக்கிறது. பொதியை உருவாக்குவோர், அதற்கு வேண்டிய பைத்தான் பதிப்பை அதனுடனேயே குறித்து வைக்கிறார்கள். பொதிகளை நிறுவும் 'பிப்' என்ற கருவி அக்குறிப்பைப் படித்து, பொருந்தும் பதிப்புகளுள் புதியதைத் தேர்ந்தெடுக்கிறது. ஒரு பொதி நம்பை 2.0ஐயும் மற்றொன்று அதற்கு முந்தியதையும் கட்டாயமாகக் கேட்டால், 'முரண்பாடு' என்று அறிவித்து நின்றுவிடுகிறது.

ஒரு கேள்வி: 3.9, 3.10 ஆகிய பதிப்புகளில் எது புதியது? 3.9 என்றால் தவறு! இங்குள்ள புள்ளி தசமப் புள்ளி அன்று. ஒன்பதுக்குப் பின் பத்து வருவதால் 3.10தான் புதியது.

பழைய பதிப்புகளுக்கு இப்போது பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதில்லை. எனவே புதிய கணிப்பொறி கிடைத்தால் அதுவே நல்லது. கிடைக்காவிட்டால் இயங்குதளம், பைத்தான், பொதிகள் ஆகியவற்றின் பதிப்பு எண்களை இரண்டு கணிப்பொறிகளிலும் பார்த்து, நோட்டில் எழுதி ஒப்பிடுங்கள். கண்காட்சியன்று காலையில் அல்ல, ஒரு வாரம் முன்பே! வண்டி புறப்பட்ட பின் பாதையின் அகலத்தை அளப்பார் உண்டோ?