கடலுக்குள் இறங்கிய எல்.இ.டி. விளக்கு: தடை உண்டு, கண்காணிப்பது யார்?

புதுதில்லி: மின்சாரத்தை மிச்சப்படுத்த 2015 ஜனவரியில் "உஜாலா' திட்டத்தைத் தொடங்கி, கோடிக்கணக்கில் எல்.இ.டி. பல்புகளை விநியோகித்தது மத்திய அரசு. அதே அரசு 2017 நவம்பர் 10-ம் தேதி, கடலில் எல்.இ.டி. வெளிச்சத்தில் மீன் பிடிக்கத் தடை விதிக்க நேர்ந்தது.

விளக்கைக் காட்டி மீனை வரவழைப்பது புதிதன்று. கேரளத்தில் மட்டாஞ்சேரியை ஒட்டியுள்ள கோட்டைக் கொச்சியின் சீன வலைகளில் இரவு நேரத்தில் விளக்கைத் தொங்கவிடுவது பழைய வழக்கம். ஆனால், சீன வலை கரையை விட்டு நகராது. ஓதத்தோடு வரும் மீனுக்காகக் காத்திருக்க வேண்டும்.

சிக்கனமே சிக்கல்

பழைய ரக விளக்குகளுக்குப் பெரிய ஜெனரேட்டரும் நிறைய டீசலும் தேவை. அந்தச் செலவே ஒரு கட்டுப்பாடாக இருந்தது. எல்.இ.டி. அதை நீக்கிவிட்டது. சிறிய ஜெனரேட்டரே போதும். விளக்கைத் தண்ணீருக்குள்ளும் இறக்கலாம். நீல, பச்சை ஒளி கடலில் அதிக ஆழம் வரை ஊடுருவும். வெளிச்சத்தை நாடி மிதவை நுண்ணுயிர்களும், அவற்றைத் தேடிச் சிறு மீன்களும், பின்னால் கணவாயும் கூடுகின்றன. அப்போது சுருக்குமடி வலையால் வளைத்தால் குஞ்சுகளும் தப்புவதில்லை. சுற்றுவட்டார மீன்களைப் பெரிய படகு ஓரிடத்தில் திரட்டி அள்ளிவிட்டால், வள்ளத்தில் செல்லும் பாரம்பரிய மீனவருக்கு மிஞ்சுவது குறைவே.

2012-ல் சுமார் 4 லட்சம் டன்னாக இருந்த கேரளத்தின் மத்தி மீன் வரத்து, 2021-ல் 3,297 டன்னாகச் சரிந்தது. இது கொச்சியில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கணக்கு. (1947-ல் தொடங்கப்பட்டு, நம் மண்டபத்தில் இயங்கிவந்த நிலையம்தான் இது, 1971-ல் கொச்சிக்கு இடம் மாறியது.) இந்தச் சரிவுக்கு எல்.இ.டி. மீது மட்டும் பழி சுமத்துவது நியாயமாகாது. கடல் சூழல் மாற்றத்துக்கும் இதில் பெரும் பங்குண்டு. ஆனால், அப்படிப்பட்ட காலத்தில்தான் குஞ்சுகளை விட்டுவைப்பது அவசியமாகிறது.

12 கடல் மைலுக்கு அப்பால்

அரசமைப்புச் சட்டப்படி மீன்வளம் மாநிலப் பட்டியலில் உள்ளது. கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால் மீன்பிடிப்பு மத்தியப் பட்டியலைச் சேர்ந்தது. மாநில அரசின் ரோந்துப் படகுக்கு எல்லை அந்த 12 மைல்தான். அதைத் தாண்டி விளக்கைப் போட்டால், மாநிலச் சட்டம் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

இதைச் சரிசெய்வதாகச் சொல்லப்பட்ட இந்திய கடல் மீன்வள மசோதா, 2021 மழைக்காலக் கூட்டத்தொடருக்கான பட்டியலில் இடம்பெற்றது. மீனவர் அமைப்புகளின் எதிர்ப்புக்கிடையே, அந்தத் தொடரில் அது தாக்கலாகவே இல்லை. பின்னர் 2025 நவம்பரில், 1976-ம் ஆண்டின் கடல் மண்டலச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு விதிகளை அறிவித்தது. எல்.இ.டி. மீன்பிடிப்பு, இரட்டைமடி ஆகியவற்றுக்கு அதில் தடை உண்டு. எந்திரப் படகுகளுக்கு அனுமதிச் சீட்டு கட்டாயம். பாரம்பரிய மீனவர்களுக்கு விலக்கு. அவையில் விவாதமின்றி விதிகளாகவே இவை வந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மட்டாஞ்சேரியை அடுத்த தோப்பும்படி துறைமுகத்தில் இருந்து குமரி மாவட்டம் தூத்தூர் பகுதி மீனவர்களும் ஆழ்கடலுக்குச் செல்வதால், இது தமிழகத்தின் பிரச்னையும்கூட.

நடுக்கடலில் இரவில் விளக்கோடு படகைப் பிடிப்பது கடினம். கடலோரக் காவல் படைக்கு வேறு வேலைகளும் உண்டு. ஆனால், எல்லாப் படகும் கடைசியில் துறைமுகத்துக்குத்தான் திரும்புகிறது. விளக்குத் தொகுப்பும் ஜெனரேட்டரும் அங்கே கண்ணுக்குத் தெரிபவை. மீன்பிடித் துறைமுகங்களில் பெரும்பாலானவையோ மாநில அரசின் கையில் இருக்கின்றன.