உங்களுக்குத் தெரியுமா? நாட்டுக் குரங்குகளைக் கவனித்தவர்கள்

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் நம் கையிலுள்ள பழத்தைப் பறிக்கிறதே நாட்டுக் குரங்கு, அது தென்னிந்தியத் தீபகற்பத்தைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை!

அமெரிக்க மானுடவியல் அறிஞர் பால் சைமண்ட்ஸ் 1960-களின் தொடக்கத்தில் தென்னிந்தியா வந்து இந்த இனக் குரங்குக் கூட்டங்களைப் பின்தொடர்ந்தார். 1965-இல் வெளியான அவரது ஆய்வுக் கட்டுரை இத்துறையில் முன்னோடி. பல குரங்கினங்களில் வளர்ந்த ஆண்கள் ஒன்றையொன்று அண்டவிடாது. நாட்டுக் குரங்கின் ஆண்களோ ஒட்டி உட்காரும், பேன் பார்த்துவிடும், சேர்ந்து விளையாடும்.

சைமண்ட்ஸுக்கு அரை நூற்றாண்டு முன்பே திருவண்ணாமலையில் இன்னொருவர் குரங்குகளைக் கூர்ந்து கவனித்திருக்கிறார்: ரமண மகரிஷி. மலையிலுள்ள விரூபாட்ச குகையில் இருந்தபோது, கூட்டத் தலைவனிடம் கடிபட்டுக் கிடந்த குட்டியைப் பேணிக் காப்பாற்றினார். அதற்கு 'நொண்டி' என்றே பெயர். மனிதர் வளர்த்த குரங்கைக் கூட்டம் பொதுவாகத் திரும்பச் சேர்க்காது என்பதை அவர் அறிந்திருந்தார். ஆனால் நொண்டியைச் சேர்த்துக்கொண்டது. பிற்பாடு அதுவே தலைவனும் ஆனது. எத்தனை அருமையான களக்குறிப்பு!

கிரிவலம் போகும்போது நீங்களும் நின்று பாருங்கள். தீனி மட்டும் போடாதீர்கள். மலையிலேயே அவற்றுக்கு இரை உண்டு.