ஜவ்வு தாங்குமா?

1965-ம் வருஷம் ஆகஸ்டு 21-ந் தேதி கார்டன் கூப்பர், பீட் கான்ராட் என்ற இரு அமெரிக்கர்கள் ஜெமினி-5 என்ற கூண்டில் ஏறிப் பூமியைச் சுற்றக் கிளம்பினார்கள். எட்டு நாள் பிரயாணம். அதற்கு முன் எந்த மனிதரும் அத்தனை நாள் விண்வெளியில் தங்கியதில்லை. கூண்டுக்குள் விளக்கு எரிய வேண்டும், ரேடியோ பேச வேண்டும், கணக்கு யந்திரம் ஓட வேண்டும். எல்லாவற்றுக்கும் மின்சாரம்! எட்டு நாளைக்கும் போதுமான பாட்டரிகளை ஏற்றினால் கூண்டு கனத்துப் போகும். ஆகவே அந்தத் தடவை ஒரு புதுச் சாமானும் கூடப் போயிற்று. 'ஃப்யூயல் செல்' என்று அதற்குப் பெயர். எரிபொருள் மின்கலம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

பெயரில்தான் எரிபொருள். உள்ளே நெருப்புக் கிடையாது, புகை கிடையாது, சுழலும் சக்கரம் ஒன்றும் கிடையாது. ஒரு பக்கம் ஹைட்ரஜன், மறு பக்கம் பிராணவாயு. நடுவே ஒரு பிளாஸ்டிக் ஜவ்வு. ஜவ்வின் இரு முகத்திலும் பிளாட்டினப் பொடி பூசியிருக்கும். ஹைட்ரஜன் அணு அந்தப் பிளாட்டினத்தில் பட்டதும் புரோட்டான், எலெக்ட்ரான் என்று இரண்டாகப் பிரிந்துவிடும். புரோட்டானை மட்டுந்தான் ஜவ்வு உள்ளே விடும். எலெக்ட்ரான் வெளியே கம்பி வழியாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதுதான். அது சுற்றும் சுற்றுத்தான் நமக்குக் கிடைக்கும் மின்சாரம். மறுபுறம் போய் இருவரும் பிராணவாயுவுடன் கூடுகிறார்கள். பிறக்கும் குழந்தை, சுத்தமான ஜலம்!

இந்த யுக்தி ஒன்றும் புதிதல்ல. வேல்ஸ் நாட்டில் பிறந்த வில்லியம் குரோவ் 1842-லேயே கண்ணாடிக் குழாய்களை வைத்து இதை விவரித்துவிட்டார். (மனிதர் தொழிலால் வக்கீல். பிற்காலத்தில் ஜட்ஜாகவும் இருந்தார்.) ஆனால் அவர் நடுவே வைத்தது கந்தகத் திராவகம். திராவகம் தளும்பும், கசியும், பட்ட இடத்தை அரிக்கும். அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் தாமஸ் கிரப் என்ற ரஸாயன நிபுணர் 1955-ல் இதற்கு ஒரு வழி கண்டார். திராவகத்தின் குணத்தை ஒரு பிளாஸ்டிக் ஏட்டிலேயே கட்டிப் போட்டுவிட்டால் என்ன என்று யோசித்தார். அவருடைய சகா லெனார்டு நீட்ராக் அதன் மேல் பிளாட்டினத்தைப் படிய வைக்கக் கற்றார். பத்தே வருஷத்தில் அந்த ஜவ்வு விண்வெளிக்குப் போய்விட்டது.

போனது சரி, சுகமாக இருந்ததா? கிளம்பிய சில மணி நேரத்தில் பிராணவாயுத் தொட்டியின் அழுத்தம் மளமளவென்று இறங்கிற்று. தொட்டியைச் சூடாக்கும் ஹீட்டர் கெட்டுவிட்டது. உள்ளே இருந்தவர்கள் பல கருவிகளை நிறுத்தி, மின்சாரத்தைச் சிக்கனம் செய்து சமாளித்தார்கள். ஃப்யூயல் செல்லோ குறைந்த அழுத்தத்திலும் மூச்சை விடாமல் வேலை செய்தது. பூமியை 120 தடவை சுற்றிவிட்டு 29-ந் தேதி பத்திரமாகக் கடலில் இறங்கினார்கள்.

அந்தப் பழுது ஜவ்வின் குற்றமல்ல. ஜவ்வுக்கு வேறு வியாதி இருந்தது. அது தயாரான ஜலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தானே சிதைந்து கலந்துகொண்டிருந்தது. அந்த ஜலம் குடிக்க லாயக்கில்லை. குடிப்பதற்கு வேறு ஜலம் கொண்டுபோக வேண்டியிருந்தது. சந்திரனுக்குப் போன அப்பல்லோ கப்பல்களில் இந்த ஜவ்வையே ஒதுக்கிவிட்டு, காரத் திரவம் வைத்த வேறு வகை செல்லைப் பொருத்தினார்கள்.

ஜவ்வு ஏன் சிதைகிறது? பிராணவாயு சில சமயம் ஒழுங்காக ஜலமாக மாறாமல், பாதி வழியில் ஹைட்ரஜன் பெராக்ஸைடு ஆகிவிடும். புண்ணைக் கழுவும்போது நுரைக்குமே, அதேதான். அதிலிருந்து பிறக்கும் முரட்டுத் துணுக்குகள் பிளாஸ்டிக்கின் சங்கிலியைக் கடித்துத் துண்டாக்குகின்றன. ஒரு பொட்டு இரும்புத் துரு சேர்ந்தால் போதும், கடி இன்னும் பலமாகும்.

இந்த இடத்தில் கதை நம் சமையலறைக்குள் வருகிறது. 1938 ஏப்ரல் 6-ந் தேதி டூபாண்ட் கம்பெனியில் ராய் பிளங்கெட் என்ற இளைஞர் ஒரு வாயு உருளையைத் திறந்தார். வாயு வரவில்லை. எடை பார்த்தால் குறையவில்லை. உருளையை அறுத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளையாக, வழுவழுவென்று ஒரு பொடி! அதுதான் டெஃப்லான். எதுவும் அதில் ஒட்டாது. திராவகமும் அதை அசைக்காது. பிரெஞ்சுக்காரர் மார்க் கிரெக்வார் மீன் பிடிக்கும் சாமான்களுக்கு அதைப் பூசிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் மனைவி கோலெட், "என் வாணலிக்குப் பூசிக் கொடுங்களேன்" என்றாளாம். அதிலிருந்து பிறந்ததுதான் 1956-ல் தொடங்கிய டெஃபால் கம்பெனி. ஒட்டாத தோசைக்கல் வைத்திருப்பவர்கள் அந்த அம்மாளுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

அதே டூபாண்ட் கம்பெனியில் 1960-களில் வால்தர் குரோட் என்பவர் டெஃப்லான் சங்கிலியின் பக்கத்தில் திராவகக் குணமுள்ள கிளைகளை ஒட்டவைத்தார். 'நாஃபியான்' பிறந்தது. சங்கிலி ஜலத்தை விரட்டும், கிளை ஜலத்தை இழுக்கும். இந்தச் சண்டையில் ஜவ்வுக்குள் மெல்லிய ஈர வாய்க்கால்கள் ஏற்பட்டு, புரோட்டான்கள் அவற்றின் வழியே ஓடுகின்றன. முரட்டுத் துணுக்குகளால் இந்த ஜவ்வை அவ்வளவு சுலபமாகக் கடிக்க முடியவில்லை. உப்பு ஜலத்திலிருந்து காஸ்டிக் சோடா எடுக்கும் தொழிற்சாலைகளும் இதை விரும்பி வாங்கின.

பழைய நாஃபியான் ஏடு ஒன்றின் கனம் மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. இப்போது கார்களுக்குச் செய்யும் ஜவ்வு அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மெல்லிசாக இருந்தால் புரோட்டான் சீக்கிரம் தாண்டும். ஆனால் ஹைட்ரஜனும் கசிந்து தாண்டும், ஜவ்வும் கிழியும். கார் ஓடும்போது ஜவ்வு ஈரத்தில் ஊதுகிறது, நிற்கும்போது காய்ந்து சுருங்குகிறது. மொட்டை மாடியில் வெயிலில் கிடக்கும் வடாம் வெடிப்பதைப் பார்த்திருக்கிறோமே, அந்தக் கதிதான். இதற்காக டெஃப்லானையே வலை போல் இழுத்து ஜவ்வுக்குள் பொதிகிறார்கள். முரட்டுத் துணுக்குகளை அடக்க ஸீரியம் என்ற உலோகத்தைத் துளி சேர்க்கிறார்கள். ஜப்பானில் டொயோட்டா கம்பெனி 2014 டிசம்பரில் விற்பனைக்கு விட்ட மிராய் காரில் இப்படி 370 செல்கள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு ஜவ்வு. நம் இஸ்ரோவும் 2024 ஜனவரியில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற ராக்கெட்டின் கடைசி அடுக்கில் இந்த வகை செல் ஒன்றை வைத்து, 180 வாட் மின்சாரம் எடுத்துப் பார்த்தது.

பிறகு ஏன் இன்னொரு ஜவ்வைத் தேடுகிறார்கள்? நாஃபியானுக்கு ஈரம் காயக்கூடாது. 80 டிகிரி சூட்டைத் தாண்டினால் தடுமாறும். விலையும் அதிகம். எல்லாவற்றுக்கும் மேலாக, அதன் பெரிய பெருமையே இன்று அதன் மேல் பிராதாகிவிட்டது. எதனாலும் அழியாத இந்த வகை ரஸாயனங்கள் மண்ணிலும் குடிஜலத்திலும் சேர்ந்தாலும் அழிவதில்லை! டெஃப்லான் தயாரிப்பில் உதவிய ஒரு ரஸாயனத்தை 2019-ல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் விலக்குப் பட்டியலில் சேர்த்தார்கள். 2023-ல் ஜெர்மனி, நெதர்லாந்து, டென்மார்க், நார்வே, ஸ்வீடன் ஆகிய ஐந்து நாடுகள் இந்தக் குடும்பத்தையே ஐரோப்பாவில் கட்டுப்படுத்த வேண்டும் என்று யோசனை கொடுத்தன. (நான் சொல்வது தொழிற்சாலைக் கழிவைப் பற்றி. பதறிப் போய்த் தோசைக்கல்லை வீசிவிட வேண்டாம்.)

ஆகவே ஃப்ளூரின் இல்லாத ஜவ்வு வேண்டும். கனடாவில் ஸைமன் ஃப்ரேஸர் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் ஹோல்ட்கிராஃப்ட் குழுவினர், பென்ஸீன் வளையங்களையே நெருக்கமாகக் கோத்து ஒரு ஜவ்வு செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் கேஸ் வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தார் 1995-ல் வேறு பாதை காட்டினார்கள். தீயணைப்பு வீரர்களின் உடுப்புக்கு ஆகும் பாலிமரைப் பாஸ்பாரிக் அமிலத்தில் ஊற வைத்தார்கள். அது 160 டிகிரியிலும் ஈரமில்லாமல் வேலை செய்கிறது. ஆனால் செல் ஆறி ஜலம் தங்கினால் அமிலம் கழுவிக்கொண்டு போய்விடும். காலையில் கிளம்பி மாலையில் நிற்கும் காருக்கு அது ஒத்துவராது.

எந்த ஜவ்வானாலும் பரீட்சை கடுமைதான். அமெரிக்க எரிசக்தி இலாகாவின் குறி, காருக்கு 8,000 மணி நேரம், பெரிய லாரிக்கு 25,000 மணி நேரம். இரவு பகலாக ஓட்டினாலும் இது மூன்று வருஷத்துக்குச் சற்றே குறைவு. அத்தனை நாள் யார் காத்திருப்பது? அதனால் புது ஜவ்வைச் சூட்டில் வாட்டி, மின்சாரம் எடுக்காமல் இரு வாயுவையும் இரு பக்கமும் நிரப்பி, ஈரமும் காய்ச்சலுமாக மாற்றி மாற்றி ஆயிரக்கணக்கான தடவை வதைக்கிறார்கள். எத்தனையாவது சுற்றில் ஓட்டை விழுகிறது என்று எண்ணிக்கொண்டே இருக்கிறார்கள்.