பட்டறையில் பிறந்த கை

2011-ஆம் ஆண்டில், தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரில் ரிச்சர்ட் வான் ஆஸ் என்ற தச்சரின் வலக்கை வட்ட ரம்பத்தில் சிக்கியது. விரல்கள் போயின. தச்சருக்கு விரல் போனால் பிழைப்பும் போன மாதிரிதான். மாற்று விரல்கள் கிடைக்குமா என்று விசாரித்தார். தசையின் மின்துடிப்பை உணர்ந்து இயங்கும் செயற்கை விரல்களுக்குப் பல்லாயிரம் டாலர் விலை சொன்னார்கள். சொந்தமாகத் தொழில் செய்து அன்றாடம் ஓட்டுகிறவரால் புரட்டக்கூடிய தொகையா அது? கடையில் வாங்க முடியாததைத் தானே செய்துகொள்வது பட்டறைக்காரர்களின் பழக்கம். அவரும் அந்த வழியிலேயே இறங்கினார்.

இணையத்தில் தேடியபோது ஒரு யூடியூப் காணொளி அகப்பட்டது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பெல்லிங்ஹாம் என்ற ஊர். அங்கே பொம்மைகளும் அரங்கப் பொருள்களும் செய்யும் ஐவன் ஓவன், ஒரு விசித்திர உடை மாநாட்டுக்கு அணிந்துபோக ராட்சத விரல்கள் கொண்ட இயந்திரக் கை ஒன்றைச் செய்து படம் பிடித்துப் போட்டிருந்தார். உள்ளே தன் விரலை அவர் மடக்கினால் வெளியே ராட்சத விரலும் மடங்கியது. வான் ஆஸ் அவருக்கு மின்னஞ்சல் எழுதினார். இருவருக்கும் இடையே ஏறத்தாழ 16,000 கிலோமீட்டர். மின்னஞ்சலும் ஸ்கைப்பும்தான் அவர்களுக்குப் பொதுவான பட்டறை.

அவர்கள் வேலை செய்துகொண்டிருந்தபோது ஒரு தாய் தொடர்புகொண்டார். அவருடைய ஐந்து வயது மகனுக்கு வலக்கையில் பிறவியிலேயே விரல்கள் இல்லை. கருவில் இருக்கும்போது பனிக்குடச் சவ்வின் இழைகள் விரல்களைச் சுற்றி இறுக்கி வளர்ச்சியைத் தடுத்துவிட்ட நிலை அது. இந்தக் குழந்தைக்காகச் செய்த கைதான் எல்லாவற்றையும் மாற்றியது.

அந்தக் கையில் பேட்டரி கிடையாது, மின்னணுவும் கிடையாது. விரல் நுனியிலிருந்து ஒரு நரம்பு, மீன் பிடிக்கும் தூண்டிலில் கட்டுவதைப் போன்ற உறுதியான நரம்பு, புறங்கை வழியாக ஓடி மணிக்கட்டுக்குப் பின்னால் முன்கையில் பொருத்திய தகட்டில் முடிகிறது. மணிக்கட்டைக் கீழ்நோக்கி மடக்கினால் நரம்பு இழுபட்டு விரல்கள் மூடும். நிமிர்த்தினால் விரல்களின் மேற்புறத்தில் இருக்கும் எலாஸ்டிக் கயிறு அவற்றைத் திறந்துவிடும். மணிக்கட்டு ஏறத்தாழ 30 பாகை மடங்கினால் போதும். பின்னால் வந்த வடிவங்களில் விரல் நரம்புகளை ஒரு சிறு கட்டையில் சேர்த்துக் கட்டினார்கள். இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு பின்தங்கினாலும் நுகத்தடி சாய்ந்து கொடுத்து வண்டியை ஓடவைப்பதுபோல, ஒரு விரல் பொருளைத் தொட்டு நின்றுவிட்டாலும் கட்டை சாய்ந்து மற்ற விரல்களை மேலும் மடங்க விடுகிறது. உருண்டைப் பந்தை ஐந்து விரலும் கவ்விக்கொள்வது இதனால்தான். நரம்பை இழுத்து விரலை மடக்கும் யோசனைக்கு வேர் பழையது. 1840-களில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில், பல் மருத்துவர் ஒருவர் விபத்தில் கையை இழந்த படைவீரருக்காகத் திமிங்கில எலும்பும் சிறு கப்பிகளும் கொண்டு இயங்கும் கை ஒன்றைச் செய்திருந்தார். ஓவனின் தேடலில் அந்தப் பழைய கையும் வந்து சேர்ந்தது.

முதலில் ஒவ்வொரு பாகத்தையும் வெட்டி, அறுத்து, அரம் போட்டுத்தான் செய்தார்கள். ஒரு மாற்றம் தோன்றினால் பல நாள் உழைப்பு. மேக்கர்பாட் என்ற அமெரிக்க நிறுவனம் ஆளுக்கொரு த்ரீடி பிரிண்டரை நன்கொடையாகத் தந்தபிறகு, இரவில் ஒருவர் திருத்திய வரைபடத்தை மறுகோடியில் இருப்பவர் காலையில் அச்சடித்துக் கையில் வைத்துப் பார்க்க முடிந்தது.

இந்த இயந்திரம் இவ்வளவு எளிதாக ஒரு தச்சரின் மேசைக்கு வந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கடுக்காக இடும் முறைக்கு ஸ்காட் கிரம்ப் 1989-இல் காப்புரிமை கோரினார். அது காலாவதியானது 2009-இல். அதற்கு முன்பே, 2005-இல், இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் பௌயர், தன் பாகங்களில் பலவற்றைத் தானே அச்சடித்துக்கொள்ளும் இயந்திரத்தின் வரைபடங்களை எல்லாருக்கும் பொதுவாக்கும் திட்டத்தைத் தொடங்கியிருந்தார். காப்புரிமை விலகியதும் மலிவான பிரிண்டர்கள் பெருகின. இன்று சிறு தொழிற்கூடங்கள் தயங்காமல் வாங்கும் கருவி அது.

வான் ஆஸும் ஓவனும் 2013-இன் தொடக்கத்தில் கையின் வரைபடங்களை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி இணையத்தில் வைத்துவிட்டார்கள். ஒரு தச்சர் எவ்வளவு முனைந்தாலும் ஆயுளில் சில நூறு கைகள்தான் செய்திருப்பார். வரைபடத்தைக் கொடுத்ததால் அவருக்குத் தெரியாத ஊர்களில், அவருக்குத் தெரியாத மனிதர்கள் செய்தார்கள். நியூயார்க் மாநிலத்தின் ரோச்செஸ்டரில் பேராசிரியராக இருந்த ஜான் ஷல் இந்தக் கையைப் பற்றிய காணொளி ஒன்றைப் பார்த்தார். அதன் கீழே பலர், தங்களிடம் பிரிண்டர் இருக்கிறது, செய்துதரத் தயார் என்று எழுதியிருந்தார்கள். உடனே ஒரு இணைய வரைபடத்தைத் திறந்து, பிரிண்டர் உள்ளவர்களும் கை தேவைப்படுபவர்களும் தத்தம் இடத்தைக் குறிக்கும்படி கேட்டுக்கொண்டார். 'ஈ-நேபிள்' என்ற தொண்டர் வலையமைப்பு அப்படிப் பிறந்தது. இன்று 100-க்கும் மேற்பட்ட நாடுகளில் அதன் தொண்டர்கள் இருக்கிறார்கள்.

குழந்தைகளுக்கு இந்த முறை ஏன் இவ்வளவு பொருந்துகிறது? குழந்தை வளரும். விலை உயர்ந்த செயற்கைக் கை ஓரிரு ஆண்டில் சின்னதாகிவிடும் என்பதால் பெற்றோர் வாங்கத் தயங்குவார்கள். இங்கே, அளவுகோலை அருகே வைத்து இரண்டு கைகளையும் படம் எடுத்து அனுப்பினால், மென்பொருளில் வடிவத்தை 115 சதவீதமோ 130 சதவீதமோ பெரிதாக்கி அச்சடிக்கலாம். மூலப்பொருள் செலவு சுமார் 50 டாலர். பெரும்பாலும் பயன்படுவது மக்காச்சோள மாவுப்பொருளிலிருந்தும் செய்யக்கூடிய பி.எல்.ஏ. பிளாஸ்டிக். ஏறத்தாழ 60 பாகை செல்சியஸில் அது இளகும். முன்கைத் தகட்டைத் தட்டையாக அச்சடித்து, வெந்நீரில் முக்கி, கைக்கு ஏற்ப வளைப்பதற்கு இந்தக் குணம் உதவுகிறது. அதே குணம்தான் வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்த கையைக் கோணலாக்கும். அடுக்குகளாக இட்ட பொருள் அடுக்குகளுக்கு இடையே எளிதில் பிளக்கும் என்பதால், விரலை எந்தத் திசையில் கிடத்தி அச்சடிப்பது என்பதையும் யோசிக்க வேண்டும். மரத்தின் நார் ஓடும் திசை பார்த்து அறுக்கத் தெரிந்தவருக்கு இது புதிய பாடமே இல்லை.

இந்தக் கையைப் பற்றி மிகைப்படுத்திப் பேசுவது அதை அணியும் குழந்தைக்குச் செய்யும் தீங்கு. பிடிமானம் வலுவற்றது, சைக்கிள் கைப்பிடி, ஊஞ்சல் கயிறு, தண்ணீர்ப் புட்டி என்று சில வேலைகளுக்கு உதவும், கனத்தைத் தூக்க உதவாது. விளிம்பு சரியாகத் தேய்க்கப்படாவிட்டால் தோல் புண்ணாகும். பிறவியிலேயே விரல் இல்லாத குழந்தைகள் பலர், எந்தக் கருவியும் இல்லாமலே எல்லாம் செய்யப் பழகிவிடுகிறார்கள். அவர்கள் கையைக் கழற்றிப் போட்டால் அதில் தவறேதுமில்லை. இதை உணர்ந்துதான், 2014-இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், செயற்கை உறுப்பு வல்லுநர்களையும் அச்சடிக்கும் தொண்டர்களையும் ஒரே அறையில் உட்காரவைத்து மாநாடு நடத்தினார்கள். பட்டறைக்காரரும் மருத்துவரும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பது இந்தியாவுக்குத் தெரிந்த கதை. 'ஜெய்ப்பூர் கால்' என்ற செயற்கைக் கால், ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி.கே. சேத்தியும் சேர்ந்து உருவாக்கியது.

2013-இல் அமெரிக்கரான மிக் எபலிங், வான் ஆஸிடம் நேரில் கற்றுக்கொண்டு, சூடானின் போர் நடந்துகொண்டிருந்த நூபா மலைப்பகுதிக்குப் பிரிண்டர்களைக் கொண்டுபோனார். கைகளை இழந்த ஒரு சிறுவனுக்குக் கை செய்தார். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது அதன் பிறகு அவர் செய்தது. உள்ளூர் ஆட்களுக்கு வேலையைக் கற்றுக்கொடுத்து இயந்திரங்களை அங்கேயே விட்டுவந்தார். அறுந்துபோன நரம்பை மாற்ற விமானம் ஏறி யாரும் வரப்போவதில்லையே.

கோயம்புத்தூரிலோ ஓசூரிலோ அச்சு மாதிரிகள் செய்து பிழைக்கும் ஒருவரிடம், இதற்கு வேண்டிய இயந்திரமும் வெர்னியரும் கைப்பழக்கமும் ஏற்கெனவே இருக்கின்றன. இரவில் இயந்திரம் சும்மாத்தான் நிற்கிறது. அவர் கூடுதலாகத் தேட வேண்டியது அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் செயற்கை உறுப்புப் பிரிவில் பேசக்கூடிய ஒருவரை. முதல் கையைக் கொடுத்து அனுப்பும்போதே, குழந்தையின் பெற்றோரிடம் அடுத்த அளவு எடுக்கும் தேதியையும் சொல்லி, உதிரி நரம்பும் எலாஸ்டிக்கும் கொண்ட ஒரு பொட்டலத்தையும், முடிச்சுப் போடும் முறையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.