காற்றில் குளிரும் இன்ஜினுக்கு ஊசி வைத்தியம்

கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வைத்தால் பழைய இன்ஜின் பிழைத்துக்கொள்கிறது. பிழைத்த பிறகும் அது 'பழைய வண்டி'தானா என்பதில்தான் தகராறு.

கேரளத்தின் தென்கோடியில், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே இருக்கிறது செங்கல். சில கிலோமீட்டர் தள்ளி களியக்காவிளை; அங்கே தமிழ்நாடு தொடங்கிவிடும். 1956-ல் மாநிலங்களைப் பிரித்தபோது விளவங்கோடு தாலுகா இந்தப் பக்கம் வந்தது, நெய்யாற்றின்கரை அந்தப் பக்கம் தங்கிவிட்டது. ஆனால் பேச்சிலும் போக்குவரத்திலும் கோடு விழவில்லை. பாறசாலையின் கே.எல். 19, நெய்யாற்றின்கரையின் கே.எல். 20, மார்த்தாண்டத்தின் டி.என். 75 எல்லாம் ஒரே சாலையில் ஒன்றையொன்று முந்திக்கொண்டு போகின்றன.

இந்த வட்டாரத்தில் பழைய புல்லட் மக்கர் செய்தால், நாட்டின் மற்ற இடங்களைப் போலவே வைத்தியம் ஒன்றுதான். மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரோடு கார்புரேட்டர் பக்கம் குனிவார். ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்பிவிட்டு, காதைக் கொடுத்துக் கேட்பார். பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம்; வெளுத்திருந்தால் குறைவு. காதும் கண்ணும்தான் மீட்டர்.

அந்தக் காதுக்கு இப்போது வேலை குறைந்து வருகிறது. 2020 ஏப்ரல் 1-ல் பாரத் ஸ்டேஜ் 6 புகைக் கட்டுப்பாடு நாடு முழுவதும் அமலுக்கு வந்தபோது, ராயல் என்ஃபீல்டு நிறுவனம் கார்புரேட்டரையே தலைமுழுகிவிட்டது. புதிய புல்லட்டில் பெட்ரோலை அளப்பது ஒரு சின்னக் கம்ப்யூட்டர். புது வண்டிக்குச் சரி. வீட்டில் நிற்கும் பழைய வண்டிக்கும் அதே வைத்தியத்தைச் செய்தால் என்ன? இதற்கு விடை தேடினால், அது புல்லட்டில் தொடங்கவில்லை. ஜெர்மனியில் பிறந்த ஒரு காரில் தொடங்குகிறது.

ஃபெர்டினாண்ட் போர்ஷே 1930களில் வடிவமைத்த ஃபோக்ஸ்வாகனுக்கு ரேடியேட்டர் கிடையாது. பின்பக்கம், படுக்கைவசத்தில், பக்கத்துக்கு இரண்டாக நான்கு சிலிண்டர்கள். ஒரு ஃபேன் ஊதும் காற்றுதான் அவற்றைக் குளிர வைக்கும். வண்டு போல இருந்ததால் பீட்டில் என்ற பெயர் நிலைத்தது. எளிமையே அதன் பலம். ஆனால் 1960களின் கடைசியில் அமெரிக்கா வாகனப் புகைக்குக் கடிவாளம் போட்டது. அதைச் சமாளிக்க, 1967-ல் அமெரிக்காவுக்குப் போன ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் பாஷ் நிறுவனத்தின் டி-ஜெட்ரானிக் கருவி ஏறியது. எலெக்ட்ரானிக் இன்ஜெக்ஷன் பெருமளவில் தயாரான காரில் இடம்பெற்றது அதுதான் முதல் முறை. 1975 மாடலில் அமெரிக்க பீட்டிலுக்கும் இன்ஜெக்ஷன் வந்தது.

அதன் பலன் பிற்பாடு தெரிந்தது. மெக்ஸிகோவில் 1990களில் பீட்டிலுக்கு இன்ஜெக்ஷனும் புகை வடிகட்டும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் பொருத்தினார்கள். கிழட்டு வண்டு இன்னும் பத்தாண்டு ஓடியது. 2003 ஜூலை 30-ல் புவேப்லா ஆலையிலிருந்து கடைசிக் கார் வெளியே வந்தபோது அதன் எண் 2,15,29,464. பிரேஸிலில் கோம்பி வேன் காற்றில் குளிரும் இன்ஜினோடு 2005 இறுதி வரை தயாரானது. அதற்கும் துணை நின்றது இன்ஜெக்ஷன்தான்.

இதே கதைதான் சென்னை திருவொற்றியூரிலும் நடந்தது. 1955-ல் இந்தியாவில் காலூன்றிய புல்லட், வார்ப்பிரும்பு இன்ஜினோடு அரை நூற்றாண்டு தள்ளியது. பிறகு அலுமினிய இன்ஜின் வந்தது. 2009-ல் கிளாசிக் 500 இன்ஜெக்ஷனோடு இந்தியச் சாலையில் இறங்கியது. புனே அருகே சாக்கனில் ஃபோக்ஸ்வாகன் ஆலை திறந்ததும் அதே ஆண்டுதான். அதற்குள் பழைய பீட்டில் உற்பத்தி நின்று ஆறு ஆண்டு ஆகிவிட்டது. இந்தியாவில் இருக்கும் பழைய பீட்டில்கள் வெளிநாட்டிலிருந்து வந்தவை, எண்ணிக்கை சொற்பம். ஒவ்வொன்றும் உடையவருக்குப் பொக்கிஷம்.

பொக்கிஷத்தில் கை வைக்க ஏன் ஆசை? ஒரு காரணம் பெட்ரோல் பங்கில் இருக்கிறது. 2023 பிப்ரவரியில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. 2025-ல் அதுவே வழக்கமாகிவிட்டது. ஒரு கிலோ சுத்தமான பெட்ரோல் சரியாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். 20 சதவீத எத்தனால் இருந்தால் சுமார் 13.5 கிலோ போதும். கார்புரேட்டரின் ஜெட்டுக்கு இந்தக் கணக்குத் தெரியாது. துளை பழைய அளவில்தான் இருக்கிறது. விளைவு, காற்று மிகுந்த மெலிந்த கலவை. தண்ணீர் ஜாக்கெட் இல்லாத இன்ஜினுக்கு அது ஆகாது. ஹெட் சூடேறும், வால்வு கருகும். இன்ஜெக்ஷனில் சைலன்சர் குழாயில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார் புகையை மோப்பம் பிடித்துச் சொல்ல, கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும்.

வேலை ஒன்றும் மந்திரமில்லை. அமெரிக்காவில் புரூஸ் பவுலிங், ஆல் கிரிப்போ இருவரும் உருவாக்கிய 'மெகாஸ்க்விர்ட்' போன்ற கட்டுப்பாட்டுப் பெட்டிகள், இதைத் தனி ஆளும் செய்யக்கூடியதாக்கிவிட்டன. கிராங்க் புல்லியில் 36 பல்லில் ஒன்று குறைந்த சக்கரம் ஒன்றைப் பொருத்துவார்கள். விடுபட்ட பல் கடக்கும்போது பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று பெட்டிக்குத் தெரிந்துவிடும். ஆக்ஸிலரேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது, இன்டேக் குழாயில் அழுத்தம் எவ்வளவு, காற்றின் சூடு எவ்வளவு என்று சொல்ல ஆளுக்கொரு சென்சார். மற்ற கார்களில் ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டைப் பார்ப்பார்கள். இங்கே தண்ணீர் இல்லாததால் சிலிண்டர் ஹெட்டிலேயே சென்சாரை முடுக்க வேண்டும். இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடினால் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு. அதற்குள் இன்ஜெக்டரின் வாய் எத்தனை மில்லி செகண்ட் திறந்திருக்க வேண்டும் என்பதைப் பெட்டி முடிவு செய்யும்.

அலட்சியம் காட்டக்கூடாத இடம் பெட்ரோல் குழாய். கார்புரேட்டருக்குப் பெட்ரோல் மெல்ல வந்தால் போதும். இன்ஜெக்டருக்கு இரண்டு, மூன்று பார் அழுத்தத்தில் பாய வேண்டும். பீட்டிலில் டேங்க் முன்னால், இன்ஜின் பின்னால். குழாய் கார் நீளத்துக்கும் ஓடுகிறது. பழைய ரப்பர் குழாயை எத்தனால் வேறு அரிக்கும். வெடித்துக் கசிந்தால், பெட்ரோல் தெறிப்பது சூடான இன்ஜின் மேல். அந்த இன்ஜினின் கிராங்க் கேஸ் மெக்னீசிய உலோகக் கலவை. பற்றிக்கொண்டால் அணைப்பது பெரும்பாடு. எனவே அழுத்தம் தாங்கும் குழாய், நல்ல கிளாம்ப், இன்ஜின் நின்றால் தானே நிற்கும் பம்ப், மிஞ்சிய பெட்ரோல் டேங்குக்குத் திரும்ப ஒரு தனி வழி என எதிலும் சிக்கனம் பார்க்கக்கூடாது.

பொருத்துவது பாதி வேலை. மீதிப் பாதி டியூனிங். ஒரு பக்கம் இன்ஜின் வேகம், இன்னொரு பக்கம் அழுத்தம் என்று போட்டால் 16-க்கு 16, மொத்தம் 256 கட்டங்கள். ஒவ்வொன்றிலும் எவ்வளவு பெட்ரோல் என்று நிரப்ப வேண்டும். முதலில் குளிர்ந்த இன்ஜின் கிளம்ப வேண்டும். சோக் செய்த வேலை இது. பிறகு ஐட்லிங், பிறகு சீரான ஓட்டம், கடைசியில்தான் முழு த்ராட்டில். சமதளத்தில் 14-ஐ ஒட்டிய கலவை போதும். மேட்டில் ஏறும்போது 13-க்குக் கீழே இறக்கி, பெட்ரோலைத் தாராளமாகக் கொடுத்தால்தான் ஹெட் சூடு அடங்கும். 1970 வரை வந்த பீட்டில்களில் ஆயில் கூலர் காற்றுப் பாதையில் குறுக்கே நிற்பதால், அதன் அடியில் இருக்கும் மூன்றாம் சிலிண்டர் எப்போதும் கூடுதலாகச் சுடும். டியூன் செய்பவர் கண் வைக்க வேண்டியது அதன் மேல்தான்.

லேப்டாப் எல்லாவற்றையும் சரி செய்துவிடும் என்று நினைப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். டேப்பெட் இடைவெளி 0.006 அங்குலம் இருக்கிறதா, நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் ஒத்துப்போகிறதா, மேனிஃபோல்டில் காற்று கசிகிறதா என்று முதலில் பார்க்காவிட்டால், 256 கட்டமும் ஒரு நோயாளியின் தப்பான ஜாதகமாகிவிடும். அந்தப் பரிசோதனைக்கு இன்னும் பழைய மெக்கானிக்தான் வேண்டும்.

ஆனால் சட்டம் என்ன சொல்கிறது? கேரளத்தில் தொடங்கிய ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: தயாரிப்பாளர் குறிப்பிட்ட அமைப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றக்கூடாது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு, காஸ், பேட்டரி என்று வேறு எரிபொருளுக்கு மாறுவதற்கு நிபந்தனையோடு வழி விடுகிறது. பெட்ரோல் பெட்ரோலாகவே இருந்து, அதைச் செலுத்தும் முறை மட்டும் மாறினால்? அந்த விதிவிலக்கு அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. ஸ்பேனரை எடுப்பதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுக்கொள்வது நல்லது. மத்திய சட்டம் என்பதால் களியக்காவிளையைத் தாண்டினாலும் கதை மாறாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. 2021 ஜூலையில் வந்த விதிகளின்படி, 50 ஆண்டு கடந்த வாகனத்துக்கு 'விண்டேஜ்' தகுதியும் 'வி.ஏ.' என்ற தனி எண்ணும் கிடைக்கும். நிபந்தனை, வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். சேஸி, பாடி, இன்ஜின் எதையும் பெரிதாக மாற்றியிருக்கக்கூடாது. அப்படித் தகுதி பெற்ற வண்டியைக் கண்காட்சிக்கும் பேரணிக்கும் ஓட்டலாம், தினசரி வேலைக்கு ஓட்டக்கூடாது. ஆக, பழைய பீட்டில் வைத்திருப்பவர் முன் இரண்டு வழிகள். கார்புரேட்டரோடு அசலாக வைத்து விசேஷ நாளில் மட்டும் வெளியே எடுப்பது ஒன்று. இன்ஜெக்ஷன் வைத்து, இன்றைய பெட்ரோலில் ஓட வைத்து, விண்டேஜ் பட்டத்தை இழக்கத் துணிவது மற்றொன்று. காற்றை அதிகம் கெடுப்பது முதல் வண்டி. சட்டம் மாலை போடுவதும் அதற்குத்தான்.

விவரம் தெரிந்தவர்கள் இரண்டையும் விடாமல் ஒன்று செய்கிறார்கள். எதையும் வெட்டாமல், வெல்டிங் வைக்காமல், போல்ட் முடுக்கி மட்டுமே இன்ஜெக்ஷனைப் பொருத்துகிறார்கள். கழற்றிய கார்புரேட்டரையும் மேனிஃபோல்டையும் துடைத்து, எண்ணெய் தடவி, துணியில் சுற்றிப் பரணில் வைக்கிறார்கள். என்றாவது அசல் வேண்டும் என்றால் இறக்கி மாட்டிக்கொள்ளலாம். அன்றைக்கு அந்த ஸ்க்ரூவை எவ்வளவு திருப்ப வேண்டும் என்று கேட்டுச் சொல்ல ஒரு காது மிச்சமிருக்க வேண்டும்.