கடல் மீன் தொட்டி: நீரைத் தூக்காமல் சுழற்றினால் கரன்ட் மிச்சம்!

‘பையன் ஆசைப்பட்டான் என்று 4 அடி கண்ணாடித் தொட்டியில் கடல் மீன் வளர்க்க இருக்கிறோம். தண்ணீர் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்கிறார்கள். மோட்டாருக்கு எவ்வளவு கரன்ட் ஆகும்? பவளப்பாறைத் துண்டு போடலாமா? பிறகு இதையே சிறு தொழிலாகச் செய்ய முடியுமா?’ என்று திருக்கோகர்ணத்திலிருந்து வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். பலருக்கும் பயன்படும் என்பதால் சற்று விரிவாகவே பார்ப்போம்.

முதலில் பவளப்பாறை. போடவே கூடாது. கடினப் பவளங்கள், கடல் விசிறி, கடல் குதிரை எல்லாமே 2001-ம் ஆண்டு முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கின்றன. செத்த துண்டுக்கும் இது பொருந்தும். கோட்டைப்பட்டினம், மண்டபம் பக்கம் யாராவது கொடுத்தாலும் வாங்காதீர்கள். 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. செயற்கைப் பாறையோ, சுட்ட மண் ஓட்டுத் துண்டுகளோ போதும். மீன் ஒளிந்துகொள்ள இடம் இருந்தால் சரி.

ஓட்டம் ஏன் வேண்டும்?

பாறைத் திட்டுகளில் வாழும் மீன்கள் அலையும் நீரோட்டமும் உள்ள இடத்தில் பழகியவை. தேங்கிய தண்ணீரில் மீன் கழிவும் மிச்சத் தீவனமும் மூலையில் தங்கி அழுகும், ஆக்சிஜன் குறையும். அதனால் தொட்டியின் கொள்ளளவைப்போல் 10 மடங்கு நீராவது ஒரு மணி நேரத்தில் சுழல வேண்டும். 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலத்தில் 22 அங்குலம் நீர் நிறுத்தினால் சுமார் 300 லிட்டர் பிடிக்கும். அதற்கு மணிக்கு 3,000 லிட்டர் ஓட்டம் தேவை.

தூக்குவதும் சுழற்றுவதும்

வழக்கமாகத் தொட்டிக்குக் கீழே ஒரு வடிகட்டும் தொட்டி வைத்து, அங்கிருந்து மோட்டார் மூலம் மேலே ஏற்றுவார்கள். கிணற்றிலிருந்து இறைப்பதைப் போன்ற வேலை இது. மோட்டார் பெட்டியில் 3,000 லிட்டர் என்று போட்டிருப்பது, மேலே தூக்காத நிலையில் கிடைக்கும் அளவு. 4 அடி தூக்கினால் அந்த அளவு வெகுவாகக் குறையும்.

மூடிய சுழற்சியில் தொட்டியிலேயே நீரை எடுத்து, அதே தொட்டிக்குள் விடுகிறோம். கொத்தனார் மட்டம் பார்க்கும் லெவல் குழாயை நினைத்துப் பாருங்கள். இரண்டு முனையிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். இங்கும் அப்படித்தான். மோட்டார் தரையில் இருந்தாலும், இறங்குகிற நீரின் எடை ஏறுகிற நீரைத் தாங்கிக்கொள்கிறது. குழாயில் உராய்வை மட்டுமே மோட்டார் சமாளித்தால் போதும். கரன்ட் போனாலும் கீழ்த் தொட்டி நிரம்பி வழிகிற தொல்லை இல்லை.

ஒன்றை மறக்க வேண்டாம். இது நீரைச் சுழற்றுமே தவிர சுத்தம் செய்யாது. வடிகட்டி தனியாக இருந்தே தீர வேண்டும். அதற்குச் சிறிய மோட்டார் போதும் என்பதுதான் லாபம்.

அமைக்கும் முறை

* உறிஞ்சும் துளையை நீர்மட்டத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு ஆழத்தில் போடுங்கள். குழாய் எங்காவது விட்டுப்போனாலும் துளைக்கு மேலே உள்ள நீர்தான் போகும், மீன் தப்பிக்கும். டஃபன்டு கண்ணாடியில் துளை போட்டால் மொத்தமாக நொறுங்கிவிடும். கடைக்காரரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள்.
* துளையில் ரப்பர் வாஷருடன் பி.வி.சி. டேங்க் நிப்பிள் பொருத்த வேண்டும். உறிஞ்சும் குழாய் ஒன்றேகால் அங்குலம். திரும்பும் குழாய் 1 அங்குலம், முடிவில் அதை முக்கால் அங்குலத்தில் இரண்டாகப் பிரித்து எதிரெதிர் மூலைகளில் விடலாம்.
* திரும்பும் குழாய் விளிம்புக்கு மேலாக வந்தால், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே அதில் சிறு துளை போடுங்கள். இல்லையென்றால் கசிவு ஏற்படும்போது அந்தக் குழாயே சைஃபன் போல நீரை இழுத்துவிடும்.
* உறிஞ்சும் முனையில் சல்லடை கட்டாயம். ஒரே துளையாக இருந்தால் மீன் ஒட்டிக்கொள்ளும். இரண்டாகப் பிரித்தால் இழுவை பாதியாகும்.
* மோட்டாரின் இரு பக்கமும் பால் வால்வும் யூனியனும் வையுங்கள். தொட்டியைக் காலி செய்யாமலே மோட்டாரைக் கழற்றிக் கழுவலாம்.
* நீருக்கு வெளியே வைத்து ஓட்டக்கூடிய, உப்பு நீருக்கான மீன் தொட்டி மோட்டார்தான் வேண்டும். வீட்டு மோனோபிளாக் மோட்டார் ஆகாது. பித்தளை, செம்பு, இரும்பு எதுவும் நீரில் படக் கூடாது. செம்பு கரைந்தால் இறால், நத்தை வகைகள் பிழைக்காது.
* சொல்யூஷன் ஒட்டி ஒரு நாள் காய விடுங்கள். பிறகு நல்ல தண்ணீர் நிரப்பி இரண்டு நாள் ஓட்டிக் கசிவு பாருங்கள். உப்பு அதற்குப் பிறகுதான்.
* எர்த் இணைப்பும் இ.எல்.சி.பி.யும் இல்லாமல் சுவிட்ச் போடாதீர்கள். ஒயர் பிளக்கை விடத் தாழ்வாகத் தொங்கட்டும். ஒயரில் வழியும் நீர் பிளக்குக்குள் போகாது.

கரன்ட் கணக்கு

40 வாட் மோட்டார் இரவு பகலாக ஓடினால் நாளுக்கு ஏறக்குறைய 1 யூனிட். இரண்டு மாதத்துக்கு 58 யூனிட். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் பாதிக்கு மேல் இதற்கே போய்விடும். 80 வாட் என்றால் மொத்தமும் போச்சு. எனவே லிட்டர் கணக்கை மட்டும் பார்க்காமல் வாட் கணக்கையும் பார்த்து வாங்குங்கள். மின்வெட்டுக்கு பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

உப்பும் தண்ணீரும்

கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. 300 லிட்டருக்கு பத்தரை கிலோ கடல் உப்புக் கலவை தேவைப்படும். சமையல் கல்லுப்பு ஆகாது, கால்சியமும் மெக்னீசியமும் அதில் போதாது. நம் பக்கத்து வெயிலில் நீர் வேகமாக ஆவியாகும். ஆனால் உப்பு ஆவியாகாது. அதனால் குறைந்த மட்டத்தை உப்பில்லாத ஆர்.ஓ. நீரால் மட்டும் நிரப்புங்கள். உப்பு நீரை ஊற்றிக்கொண்டே போனால் உப்பு ஏறி மீன் சாகும். மட்டம் உறிஞ்சும் துளைக்குக் கீழே போனால் மோட்டாரும் கருகிவிடும்.

நன்னீர் மீன் தொட்டிக் கழிவு நீரைத் தோட்டத்துக்கு விடுகிறோம். கடல் மீன் தொட்டி நீரை அப்படி விடவே கூடாது. மண்ணின் மின் கடத்து திறன் 4-ஐத் தாண்டினாலே உவர் நிலம் என்கிறோம், கடல் நீருக்கு அது 50-ஐ ஒட்டி வரும். வாழைப் பாத்தியிலோ கிணற்றடியிலோ ஊற்றினால் சம்பாதித்ததை விட இழப்பு பெரிது.

தொழிலாகச் செய்யலாமா?

செய்யலாம், அவசரம் வேண்டாம். தொட்டி ஓடத் தொடங்கி 4 முதல் 6 வாரங்கள் கழித்தே அம்மோனியாவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் நிலைபெறும். அதற்கு முன் விலை உயர்ந்த மீன் விடாதீர்கள். கருப்பு மோலியைச் சிறிது சிறிதாக உப்புக்குப் பழக்கி முதலில் விட்டுப் பார்க்கலாம். பிறகு கோமாளி மீன். கடல் தாமரை இல்லாமலே தொட்டியில் வாழும். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டல மையத்திலும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்திலும் இதைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்திருக்கிறார்கள். கடலில் பிடித்த மீனை வாங்குவதை விடப் பொரிப்பகத்தில் பிறந்த குஞ்சு தொட்டிக்கும் தீவனத்துக்கும் எளிதில் பழகும்.

2020-ல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் புழக்கடை அலங்கார மீன் வளர்ப்பு அலகுக்குப் பொதுப் பிரிவினருக்கு 40 சதவிகிதமும், பெண்கள், பட்டியலின, பழங்குடியினருக்கு 60 சதவிகிதமும் மானியம் வைக்கப்பட்டது. இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் விசாரித்துவிட்டு, அதன் பிறகு பணத்தைப் போடுங்கள். ஒரு தொட்டியை ஒரு கோடைக்காலம் முழுக்க மீன் சாகாமல் ஓட்டிக் காட்டுங்கள், இரண்டாவது தொட்டியைப் பற்றி அப்போது யோசிக்கலாம்.